பஸ் கூரையில் ஹைட்ரஜன் சிலிண்டர்: அயர்ச்சியைப் பார்க்க எந்த ஒளியிழை?

ஹைட்ரஜன் பேருந்தின் கூரை மூடியைக் கழற்றினால் கறுப்புச் சிலிண்டர்கள் வரிசையாகப் படுத்திருக்கும். முழுக்க நிரப்பியபின் ஒவ்வொன்றுக்குள்ளும் 350 பார் அழுத்தம். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். அந்த அழுத்தம் தினமும் ஏறுகிறது, இறங்குகிறது. ஏறும்போது சிலிண்டர் உப்புகிறது, இறங்கும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் வருடக்கணக்கில் நடக்கிறது. இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தே முறிப்போமே, அதுபோல ஒரு பொருள் திரும்பத் திரும்பச் சுமை வாங்கித் தளர்வதைத்தான் அயர்ச்சி என்கிறோம். பட்டறையில் ‘ஃபட்டீக்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

இந்த அயர்ச்சியை எப்படிக் கண்காணிப்பது என்ற கேள்வி இந்தியாவில் இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் டெல்லியில் இந்தியன் ஆயிலின் முதல் ஹைட்ரஜன் பேருந்துகள் சாலைக்கு வந்தன. லடாக்கின் லே நகரத்துக்கு அரசு மின் நிறுவனமான என்டிபிசி சில பேருந்துகளைக் கொண்டுபோனது. சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி 2025 ஜூலையில் சோதிக்கப்பட்டது. வண்டிகள் புதியவை, சிலிண்டர்களும் புதியவை. கண்காணிப்பைப் பற்றி முடிவெடுக்க இதுதான் நேரம். ஒரு வழி ஒளியிழை, அதாவது உள்ளே ஒளி ஓடும் மெல்லிய கண்ணாடி இழை: தான் ஒட்டியிருக்கும் இடம் எவ்வளவு நீள்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். அதைச் சிலிண்டரில் வைப்பதென்றால், சிலிண்டருக்குக் கார்பன் இழை சுற்றும்போதே வைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் முறை நிரப்புவதற்கு முன் ஒட்ட வேண்டும். பத்தாவது வருடம் யோசித்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு எதுவும் கையில் இருக்காது.

நான் காம்போசிட், அதாவது கார்பன் இழையும் ரெசினும் சேர்ந்த சிலிண்டர்களில் ஒளியிழை பதித்துச் சோதிக்கும் வேலையில் இருப்பவன். வண்டி வாங்கும் தரப்பிலிருந்தும், சிலிண்டர் செய்யும் தரப்பிலிருந்தும் என்னிடம் வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். நிரம்பிக் காலியாகும் சுழற்சிகளை எண்ணி, குறித்த வருடத்தில் தூக்கிப் போட்டுவிடலாமா? அவ்வப்போது கழற்றி அழுத்தச் சோதனை செய்தால் போதுமா? புள்ளிக்குப் புள்ளி ஒளியிழை உணரி வைக்கலாமா? அல்லது சிலிண்டர் முழுக்க ஒரே இழையைச் சுற்றி, அதன் நீளம் நெடுகப் படிக்கலாமா? நான்குக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். என் பதில் கடைசி வழியின் பக்கம் சாய்கிறது, ஆனால் எல்லாச் சிலிண்டருக்கும் அல்ல.

சிலிண்டர் எப்படி வயதாகிறது?

உணரி விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இது. நான் பார்த்த வரையில் பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

முழு உலோகச் சிலிண்டர் முதல் வகை. உலோகத்தின் உடம்புப் பகுதியில் மட்டும் இழை சுற்றியது இரண்டாம் வகை. பேருந்துக்கு வருபவை பெரும்பாலும் மூன்றும் நான்கும். மூன்றாம் வகையில் உள்ளே மெல்லிய அலுமினிய உள்ளுறை (லைனர்), வெளியே முழுக்கக் கார்பன் இழையும் எபாக்சி ரெசினும். நான்காம் வகையில் லைனர் பிளாஸ்டிக்: உயரடர்த்தி பாலிஎத்திலீன் அல்லது பாலிஅமைடு. வாயுவை வெளியே விடாமல் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. பாரம் முழுவதையும் கார்பன்தான் தாங்குகிறது.

இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி கறுப்பு. வயதாகும் விதம் வேறு. மூன்றாம் வகையில் முதலில் களைத்துப்போவது அலுமினியம். செய்து முடித்ததும் ஒருமுறை மிகை அழுத்தம் கொடுத்து லைனரை நிரந்தரமாகக் கொஞ்சம் நீட்டிவிடுவார்கள். அழுத்தத்தை இறக்கியதும் கார்பன் கூடு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காலியாக இருக்கும்போது அலுமினியம் அமுக்கத்தில், நிரம்பும்போது இழுவையில். ஒவ்வொரு நிரப்பலிலும் இந்த இரண்டுக்கும் நடுவே போய் வருகிறது. கடைசியில் அதில்தான் நுண்ணிய வெடிப்பு விழுந்து வாயு கசியும். கார்பன் அப்போதும் நன்றாகவே இருக்கும்.

நான்காம் வகையில் அயர்ந்துபோக உலோக லைனர் இல்லை. அங்கே பயப்பட வேண்டியவை வேறு. வெளியிலிருந்து விழும் அடி ஒன்று. கழுத்தில் வால்வு மாட்டும் உலோகப் பகுதியான பாஸும் பிளாஸ்டிக் லைனரும் சேரும் இடம் இன்னொன்று. லைனர் வழியே ஊடுருவிய ஹைட்ரஜன் கூட்டுக்கும் லைனருக்கும் நடுவே தேங்கியிருக்கும்போது சிலிண்டரைச் சட்டென்று காலி செய்தால், லைனர் உள்பக்கமாக மடங்குவது மூன்றாவது.

கார்பன் இழையே அயர்ச்சிக்கு லேசில் அசையாத பொருள். ரெசினில் வெடிப்புகள் சீக்கிரமே வரும், அடுக்குகள் அங்கங்கே பிரியலாம், ஆனால் சுமை தாங்கும் இழைகள் முறியாத வரை சிலிண்டரின் மொத்த விறைப்பு பெரிதாகக் குறைவதில்லை. அழுத்தத்துக்கு எவ்வளவு உப்புகிறது என்று மட்டும் அளந்துகொண்டிருந்தால், பல ஆயிரம் சுழற்சிக்கு ஒரே எண்தான் வரும். மாற்றம் வரும்போது அது ஓரிடத்தில் வரும்: அடிபட்ட இடத்தில், அடுக்கு பிரிந்த இடத்தில், கழுத்தின் வளைவில். அதனால் சராசரியாக எவ்வளவு என்பதைவிட எந்த இடத்தில் என்பதைச் சொல்லும் கருவிக்குத்தான் நான்காம் வகைச் சிலிண்டரில் மதிப்பு.

எண்ணுவதும் கேட்பதும்

ஒளியிழை வேலை செய்பவன் என்றாலும் எண்ணும் முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2013-இல் வந்த ஐ.நா.வின் உலகத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை எண் 13, வேலை அழுத்தத்தின் (நம் பேருந்தில் 350 பார்) 125 சதவீதம் வரை ஏற்றி இறக்கிச் சிலிண்டரைச் சோதிக்கச் சொல்கிறது. 15 ஆண்டு ஆயுளுக்குக் கசியாமல் தாங்க வேண்டிய எண்ணிக்கையாக 5500, 7500, 11000 என்ற மூன்றில் ஒன்றை அந்தந்த நாடு தேர்ந்தெடுத்துக்கொள்ள விட்டது. தினம் ஒருமுறை நிரப்பினால் 15 ஆண்டில் 5475 நிரப்பல், இரண்டு முறை என்றால் 10950. கணக்கு பக்கத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். கார்பன் சிலிண்டர் வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தின் 2.25 மடங்காவது இருக்க வேண்டும் என்பதும் அதன் 2013 வடிவம் வைத்த அளவு.

மூன்றாம் வகைக்கு இந்த எண்ணிக்கைதான் நேர்மையான ஆயுள் அளவுகோல், ஏனென்றால் அலுமினியத்தின் அயர்ச்சி உண்மையிலேயே சுழற்சி எண்ணிக்கையோடு ஓடுகிறது. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் அழுத்த உணரி, வெப்ப உணரி இரண்டையும் பதிவு செய்து, அரை நிரப்பல் கால் நிரப்பல்களையும் முறைப்படி எண்ணினால் போதும். அதற்கான மழையோட்ட எண்ணல் முறையை ஜப்பானில் மட்சுயிஷியும் எண்டோவும் 1968-லேயே கொடுத்துவிட்டார்கள். கூடுதல் செலவு மென்பொருள் மட்டும். மூன்றாம் வகை வாங்கியவர் ஒருவர் ஒளியிழையும் வேண்டும் என்று கேட்டால், முதலில் இந்தப் பதிவு ஒழுங்காக ஓடுகிறதா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கார்பன் கூட்டில் ஓடும் ஒளியிழைக்கு லைனரில் விழும் முடியளவு வெடிப்பு அநேகமாகத் தெரியாது.

எண்ணிக்கைக்குத் தெரியாதது அடி. பேருந்துக் கூரையில் மரக்கிளை உரசியதையோ, பழுதுபார்க்கும்போது மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்ததையோ எந்த மீட்டரும் எண்ணுவதில்லை. கார்பனில் அடி விழுந்தால் வெளியே ஒரு சின்னத் தடம் மட்டும் இருக்கும், உள்ளே அடுக்குகள் உள்ளங்கை அகலத்துக்குப் பிரிந்திருக்கலாம். கண்ணால் பார்த்து ‘ஓகே’ போடுவதில் எனக்கு இருக்கும் பயம் இதுதான்.

அழுத்தச் சோதனைக்கு வருவோம். சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் ஹைட்ரோ டெஸ்ட் பழக்கமானது. தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேலே ஏற்றி, எவ்வளவு உப்பி எவ்வளவு திரும்பியது என்று பார்ப்பார்கள். எஃகுக்கு அது நல்ல சோதனை. கார்பனுக்கு அது இன்று தாங்குகிறதா என்பதை மட்டும் சொல்கிறது, நாளைக்குப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. அதற்காகக் கூரையிலிருந்து இறக்கி ஏற்றும்போது சிலிண்டருக்கு விழக்கூடிய அடி வேறு.

இந்தச் சோதனையோடு ஒலி உமிழ்வைச் சேர்த்தால் நிலைமை நிறையவே மாறுகிறது. கார்பன் இழை முறியும்போதும் அடுக்கு பிரியும்போதும் மீயொலி அலை ஒன்று கிளம்பும். மேற்பரப்பில் ஒட்டிய பீசோ உணரிகள், அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் உணரிகள், அதைக் கேட்கும். ஒரு பொருள் தான் முன்பு கண்ட உச்சச் சுமையைத் தாண்டும் வரை சத்தம் போடாது என்பதை 1950-இல் மியூனிக்கில் ஜோசப் கைசர் கண்டார். பழைய உச்சத்துக்குக் கீழேயே சத்தம் தொடங்கினால் உள்ளே சேதம் வளர்ந்திருக்கிறது என்று பொருள். காம்போசிட்டின் உடல்நிலையை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் வேறு முறை அதிகம் இல்லை. அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டர்களுக்கு 15 ஆண்டு ஆயுள் என்று வைத்திருந்ததை, சிறப்பு அனுமதியோடு நீட்டிக்க இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2019-இல் இதற்கென ஐஎஸ்ஓ 19016 என்ற தரமும் வந்தது.

பேருந்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வேகமாக நிரப்பும்போது வாயு சூடேறுவதால் அழுத்தம் வேலை அழுத்தத்தின் 125 சதவீதம் வரை போக அனுமதி உண்டு. ஆக, பழைய உச்சம் எது என்பது வண்டிக்கு வண்டி, நாளுக்கு நாள் வேறுபடும். நிரப்பும் பதிவேடு ஒழுங்காக இல்லாத டிப்போவில் ஒலி உமிழ்வு அளவைப் படிப்பவர் ஊகத்தில்தான் படிப்பார்.

புள்ளி உணரி: பிராக் கீற்றணி

ஒளியிழை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். கண்ணாடி இழையின் மையத்தில் ஒளிவிலகல் எண்ணை ஒழுங்கான இடைவெளியில் கூட்டிக் குறைத்து வரி வரியாக எழுதியிருக்கும், அந்த வரித் தொகுப்புதான் கீற்றணி. அந்த இடைவெளிக்குப் பொருந்தும் ஒரே ஒரு அலைநீளம் மட்டும் திரும்பி வரும். இழை நீண்டால் இடைவெளி கூடும், திரும்பும் அலைநீளமும் நகரும். ஒளியால் இழையின் ஒளிவிலகல் எண்ணை நிரந்தரமாக மாற்றலாம் என்று 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென்னத் ஹில் குழு கண்டது. 1989-இல் புற ஊதாக் கதிரைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி வேண்டிய அலைநீளத்தில் எழுதும் முறை வந்தபின்தான் இது உணரியாகக் கைக்கு வந்தது. பெல்ஜியத்தின் கென்ட், போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப், போர்ச்சுகலின் போர்ட்டோ என்று பல இடங்களில் இதைச் சிலிண்டரின் கார்பன் அடுக்குக்குள்ளேயே வைத்துச் சுற்றிச் சோதித்திருக்கிறார்கள்.

இதன் நல்ல குணங்கள் நிஜமானவை. ஹைட்ரஜன் பக்கத்தில் மின்கம்பி வேண்டாம். மோட்டார், இன்வெர்ட்டர் போடும் மின்காந்த இரைச்சல் படாது. நொடிக்கு ஆயிரம் முறைகூடப் படிக்கலாம். ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதைத் திரிபு என்கிறோம். பட்டை திரிபுமானி, அதாவது சாதாரண ஸ்ட்ரெய்ன் கேஜ், சிலிண்டரில் வரும் அளவுத் திரிபில் சில ஆயிரம் சுழற்சிக்குள் தானே அயர்ந்து பூஜ்யம் நகர்ந்துவிடும். கண்ணாடி இழை தாங்கும்.

ஆனால் பாலங்களில் இதைப் பயன்படுத்திப் பழகியவர்கள் சிலிண்டருக்கு வரும்போது ஒரு கணக்கில் தடுமாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1550 நானோமீட்டர் பக்கத்தில், ஒரு மைக்ரோ திரிபுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளம் சுமார் 1.2 பிக்கோமீட்டர் நகரும், ஆயிரம் பிக்கோமீட்டர் ஒரு நானோமீட்டர். சிலிண்டர்களில் பரவலாகப் பயன்படும் டோரே டி700 கார்பன் இழை 2.1 சதவீதம் நீண்டால் முறியும். வெடிப்பு அழுத்தம் 2.25 மடங்கு என்றால், வேலை அழுத்தத்தில் திரிபு 0.9 சதவீதத்தை ஒட்டி வரும். வெளி அடுக்குகளில் கொஞ்சம் குறையும், 0.8 என்று வைத்துக்கொள்வோம். அது 8000 மைக்ரோ திரிபு, அதாவது 9.6 நானோமீட்டர் நகர்வு. மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை வெப்பம் மாறினால் இன்னும் ஒன்றேகால். பக்கத்துக் கீற்றணியோடு மோதாமலிருக்க இடைவெளி விட்டால், ஒரு கீற்றணிக்கே 12 நானோமீட்டர் போய்விடும். படிக்கும் கருவியின் மொத்த வீச்சு வழக்கமாக 80 நானோமீட்டர். பாலத்தில் ஒரே இழையில் இருபது வைத்தவர் இங்கே ஆறோடு நிறுத்த வேண்டும்.

ஆறு கீற்றணி, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் விட்டமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள சிலிண்டரின் இரண்டரைச் சதுர மீட்டர் பரப்பில் நாம் பார்ப்பது ஆறு சென்டிமீட்டர் கோடு. அடி ஒரு சாண் தள்ளி விழுந்தால் அந்த ஆறும் எதுவுமே நடக்காததுபோல் காட்டும்.

அடுத்தது வெப்பம். ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகர்வு, அதாவது எட்டு மைக்ரோ திரிபுக்குச் சமமான பொய். 20 டிகிரி தெரியாமல் போனால் 160-க்கு மேல். 8000-இல் 160 என்பது இரண்டு சதவீதம். காம்போசிட்டில் நாம் தேடிக்கொண்டிருக்கும் விறைப்புக் குறைவே அந்த அளவில்தான் இருக்கும். நிரப்பும்போது உள்ளே வாயு சூடேறும், பிளாஸ்டிக் லைனர் அந்தச் சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும், கூரையில் வெயில் வேறு. அதனால் நிரப்பும் நேரத்து அளவை வைத்து அயர்ச்சியைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கருத்து. இரவு முழுக்க நின்ற வண்டியை விடியற்காலையில் படிக்க வேண்டும். சுமை ஏறாத இன்னொரு கீற்றணியைத் தளர்வான குழாய்க்குள் வைத்து வெப்பத்துக்கென்று ஒதுக்க வேண்டும்.

பதிக்கும் வேலையின் சிரமம் கண்ணால் பார்த்தால்தான் உறைக்கும். கார்பன் இழை ஏழு மைக்ரான் தடிமன். ஒளியிழை பூச்சில்லாமலே 125 மைக்ரான். கார்பன் ஓடும் திசையிலேயே இதையும் படுக்க வைத்தால் அடங்கிவிடும். குறுக்கே போனால் இருபக்கமும் ரெசின் குட்டையாகத் தேங்கும், வெடிப்பு அங்கே பிறக்கும். ஒருமுறை அடுப்பில் பதமான சிலிண்டரை வெளியே எடுத்துப் படிக்கும் கருவியில் மாட்டினோம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன், “சார், ஒரு பீக் வர்ற இடத்துல ரெண்டு வருது” என்றான். கருவியில் கோளாறு இல்லை. ரெசின் இறுகியபோது இழையைப் பக்கவாட்டில் நசுக்கியிருக்கிறது, அதனால் ஒளி அதிரும் இரண்டு தளங்களுக்கும் தனித்தனியாக இரண்டு அலைநீளம் திரும்பி வருகிறது. கருவியின் மென்பொருள் எந்த உச்சியைப் பிடிக்கும் என்பது நாளுக்கு நாள் மாறினால், திரிபு குதித்ததாகப் பதிவாகும். அதே சிலிண்டரில், வைண்டிங் மெஷின் பார்க்கும் அண்ணன் கிரேனில் தூக்கும்போது இன்னொரு இழை வெளியேறும் இடத்திலேயே பட்டென்று முறிந்தது. ரெசினிலிருந்து இழை காற்றுக்கு வரும் அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் இந்தத் தொழிலில் அதிகம் முறியும் இடம். முறிந்தபின் சிலிண்டருக்குள் இருக்கும் ஆறு கீற்றணியும் நலமாகத்தான் இருக்கும், அவற்றோடு பேச வழிதான் இருக்காது.

முழு இழையும் உணரியாக

கீற்றணி எழுதாத சாதாரண ஒளியிழைக்குள்ளும் கண்ணாடியின் அடர்த்தி இடத்துக்கு இடம் மிக நுண்ணியதாக மாறும். அதனால் ஒளி கொஞ்சம் திரும்பிச் சிதறும். இது ராலே சிதறல். எந்த இரண்டு இழைக்கும் இந்தச் சிதறல் கோலம் ஒன்றாக இருக்காது, கைரேகை போல. இழை நீண்டால் அந்த இடத்து ரேகையும் நீளும். அலைநீளத்தைச் சீராக மாற்றிக்கொண்டே போகும் லேசரால் இதைப் படித்து, முதல் நாள் ரேகையோடு ஒப்பிட்டால், சில மில்லிமீட்டருக்கு ஒரு திரிபு அளவு கிடைக்கும். ஒளியலை அதிர்வெண் தளப் பிரதிபலிப்பு அளவி என்று நீட்டிச் சொல்லலாம். ஆய்வகத்தில் ஓ.எஃப்.டி.ஆர். என்றே சொல்கிறோம்.

மேலே சொன்ன அதே சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு ஒன்றேகால் மீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று திருகுசுருளாகச் சுற்றினால் 40 சுற்று, 50 மீட்டர் இழை. ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் பத்தாயிரம் புள்ளி. ஆறுக்கும் பத்தாயிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் பார்க்கும்போது மனசுக்கே ஒரு தெம்பு வரும். சிலிண்டரை விரித்து வைத்த வரைபடம் போல நிறங்கள் வரும். அடிபட்ட இடத்தில், காலியாக இருக்கும்போதே ஒரு சின்னத் திட்டு, அடுத்தடுத்த இரண்டு மூன்று சுற்றிலும் தெரியும். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் வழவழவென்றுதான் இருக்கும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. நாசாவின் ஆர்ம்ஸ்ட்ராங் விமான ஆராய்ச்சி மையம் ஒரே அலைநீளத்தில் பலவீனமான கீற்றணிகளை இழை நெடுக நெருக்கமாக எழுதி, இதே பிரதிபலிப்பு முறையில் படிக்கிறது. 2008-இல் இகானா ஆளில்லா விமானத்தின் இறக்கையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள், பிறகு காம்போசிட் அழுத்தக் கலன்களிலும் பயன்படுத்தினார்கள். சிக்னல் வலுவாக இருக்கும், வேகமும் கிடைக்கும், இழை மட்டும் விலை கூடியது. இழைக்குள் ஒளி இன்னொரு விதமாகச் சிதறுவதைப் படிக்கும் பிரில்லுவான் முறையைச் சிலர் கேட்பார்கள். அது கிலோமீட்டர் கணக்கில் ஓடும் குழாய்ப்பாதைக்கானது, சிலிண்டருக்கு அதன் துல்லியம் போதாது.

ராலே முறையின் குறைகள் என்ன? அதிர்வு ஆகாது. ஓடும் பேருந்தில் படிக்க முடியாது. படிக்கும் கருவி விலை மிக அதிகம், வண்டிக்கு ஒன்று வாங்குவது நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல. ஹைட்ரஜன் மூலக்கூறு சிலிக்காவுக்குள் புகுந்தால் ஒளிவிலகல் எண்ணே மாறி, திரிபு இல்லாமலே திரிபு காட்டும். இது கீற்றணிக்கும் உண்டு. நான்காம் வகையில் லைனர் வழியே ஊடுருவல் எப்போதும் கொஞ்சம் இருப்பதால் இதைச் சாதாரணமாக விட முடியாது. கார்பன் பூச்சுள்ள இழை இதைப் பெருமளவு தடுக்கும்.

ஓடும்போது படிக்க முடியாதே என்று கேட்பவர்களிடம் நான் 2016 செப்டம்பர் 1 அன்று கேப் கனாவெரலில் நடந்ததைச் சொல்வேன். ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஆக்சிஜன் தொட்டிக்குள் இருந்த ஹீலியம் காம்போசிட் கலன் ஒன்று வெடித்து, அமோஸ்-6 செயற்கைக்கோளோடு எல்லாம் எரிந்தது. அலுமினிய லைனர் மடங்கிய பள்ளங்களில் ஆக்சிஜன் தேங்கித் தீப்பற்றியது காரணமாகச் சொல்லப்பட்டது. நம் பேருந்துச் சிலிண்டருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பொருந்துவது நேரம்: முதல் அறிகுறிக்கும் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு அழிந்ததற்கும் நடுவே 93 மில்லிநொடி. 3000-க்கு மேற்பட்ட அளவீட்டுத் தடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அழுத்தக் கலன் முறியும் கடைசிக் கட்டத்தில் எந்த எச்சரிக்கை மணிக்கும் மனிதன் எழுந்து ஓட நேரமில்லை. நாம் பிடிக்க வேண்டியது மாதக்கணக்கில் வளரும் சேதத்தை. அதற்கு நொடிக்கு ஆயிரம் அளவு தேவையில்லை, மாதம் ஒன்றோ வருடம் இரண்டோ போதும். ஆனால் எல்லா இடத்திலும் வேண்டும்.

நான் எதை எடுப்பேன்?

மூன்றாம் வகைச் சிலிண்டர் என்றால் சுழற்சிப் பதிவும், கழற்றும் சமயங்களில் ஒலி உமிழ்வும். ஒளியிழைக்குச் செலவழிக்கும் பணத்தை நல்ல அழுத்த உணரிக்கும், அதைச் சரிபார்ப்பதற்கும் போடச் சொல்வேன். 350 பாருக்கு ஒரு சதவீதப் பிழை உள்ள உணரியே 80 மைக்ரோ திரிபுக்குச் சமமான குழப்பத்தைத் தரும்.

நான்காம் வகையில், ஒவ்வொரு சிலிண்டரிலும் ராலே முறைக்கான இழை, டிப்போவுக்கு ஒரே ஒரு படிக்கும் கருவி. இழை மலிவு, கருவிதான் விலை, ஆகவே விலை கூடியதை எல்லா வண்டிக்கும் பொதுவாக்கிவிடுகிறோம். சோதனை நாளில் வண்டி வந்து நிற்கும், கூரையில் ஏறிக் கனெக்டரைச் செருகி, நிரம்பிய நிலையில் ஒன்று, இறங்கிய நிலையில் ஒன்று என்று படித்துக்கொள்ளலாம். சிலிண்டரைக் கழற்ற வேண்டாம். படத்தில் சந்தேகத் திட்டு வந்த சிலிண்டரை மட்டும் இறக்கி ஒலி உமிழ்வுக்கு அனுப்பலாம். இரண்டு முறையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் ஒன்று இடத்தைக் காட்டும், மற்றொன்று அந்த இடம் இன்னும் வளர்கிறதா என்று சொல்லும்.

கீற்றணியை நான் வைத்துக்கொள்வது சோதனைக்கூடத்துக்கு. புது வடிவமைப்பை 11000 முறை ஏற்றி இறக்கும்போதும், வெடிக்கும் வரை அழுத்தும்போதும், கழுத்து வளைவில் என்ன நடக்கிறது என்று வேகமாகப் பார்க்க அதைவிட நல்லது இல்லை. ஜெர்மனியின் அரசுப் பொருள் சோதனை நிறுவனமான பாம் (BAM) பெர்லினுக்குத் தெற்கே ஹார்ஸ்ட்வால்டேயில் செய்வதுபோல நிறையச் சிலிண்டர்களைத் தொடர்ச்சியாகச் சோதித்துப் புள்ளிவிவரம் சேர்ப்பவர்களுக்கும் அது தோதானது.

உள்ளே பதிப்பதா, வெளியே ஒட்டுவதா என்பதில் நான் வெளியே ஒட்டும் பக்கம். அடுக்குக்குள் பதித்தால் அளவு சுத்தமாக வரும், உண்மைதான். ஆனால் சிலிண்டரின் வடிவமைப்பே மாறியதாகக் கணக்காகும், தகுதிச் சோதனைகளைத் திரும்பத் தொடங்க வேண்டி வரும். முறிந்தால் மாற்றவும் முடியாது. கடைசி வட்டச் சுற்றின் மேல் ஒட்டி, அதன்மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணி போட்டு மூடினால், அடி விழும் பக்கத்திலேயே இழை இருக்கும். இதையும் தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் அவசரத்தில் எங்களை ஒட்டச் சொல்லிவிட்டு, பிறகு உத்தரவாதம் போய்விட்டதாகத் தெரிந்து எல்லாவற்றையும் உரிக்க வேண்டி வந்தது. உரித்தபோது மேற்பூச்சும் சேர்ந்து வந்தது. அந்தச் சிலிண்டர்கள் அதன்பின் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: சிலிண்டர் டிப்போவுக்கு வந்த அன்று, வண்டியில் ஏற்றுவதற்கு முன், காலியாகவும் வெப்பநிலை எழுதிவைத்தும் எடுத்த முதல் ரேகைப் பதிவு சிலிண்டரின் வரிசை எண்ணோடு வண்டி உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், படிக்கும் கருவியின் சொந்தக் கோப்பு வடிவில் ஒன்று, வேறு மென்பொருளிலும் திறக்கும் வடிவில் ஒன்று. பிறகு வரும் எல்லா அளவும் அந்தக் கோப்போடு ஒப்பிட்டுத்தான் பொருள்படும். கருவி விற்றவர் பத்து வருடம் கழித்து இருப்பாரோ மாட்டாரோ, கோப்பு டிப்போவில் இருக்க வேண்டும்.